ஒரு நாடகம், ஒரு சினிமா, ஒரு ஃபுட்பால் மேட்ச்... நடுவுல என் வீட்டுக்காரர்

போன வருஷம் ஆயுத பூஜை முடிஞ்ச கையோட நடந்தது இது. நாங்க இருக்குறது ஆவடியைத் தாண்டி, முத்தாபுதுப்பேட்டையில. என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு பிரஸ் ஷாப்புல ஆபரேட்டர். இரும்புத் தகட்டை உள்ளே வெச்சா மேலேர்ந்து மெஷின் 'டம்'முனு இறங்கி, வண்டிக்கு வேண்டிய பார்ட்ஸா வெட்டித் தள்ளும். அந்த வேலை. இருபத்தெட்டு வருஷமா ஒரே கம்பெனி. பழைய மெஷினை எல்லாம் கழட்டிட்டுப் புதுசு மாட்டுறாங்கன்னு அந்தத் தடவை முழுசா ஒரு வாரம் லீவு விட்டுட்டாங்க.

ஓசூர்ல தனியா வீடு எடுத்துத் தங்கி வேலை பாக்குற எங்க பொண்ணுக்கு இது தெரிஞ்சதும் ஒரே குஷி. "கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு, ரெண்டு பேரும் சேர்ந்து எங்கேயாவது போயிருக்கீங்களாம்மா?"ன்னு என்னைப் பிடிச்சுக்கிட்டா. ஞாயித்துக்கிழமை மத்தியானம் அம்பத்தூர்ல ஒரு காமெடி நாடகம், புதன்கிழமை பூந்தமல்லியில சினிமான்னு அவளே டிக்கெட் எடுத்து போனுக்கு அனுப்பிட்டா. சனிக்கிழமை சாயங்காலம் ஆவடி கிரவுண்டுல கம்பெனிகளுக்குள்ள நடக்குற ஃபுட்பால் மேட்ச். அது மட்டும் அவரோட ஆசை.

பாவம், அவகிட்ட நான் ஒரு விஷயத்தைச் சொல்லவே இல்ல. இந்த வாரம் முடிஞ்சதும் பெட்டியைத் தூக்கிக்கிட்டு அவ வீட்டுக்கே போயிடுறதுன்னு நான் முடிவு பண்ணியிருந்தேன். நாலு நாள் இருந்துட்டு வர்ற போக்கு இல்ல. ஒரேயடியா.

சண்டை சச்சரவுன்னு நினைச்சுடாதீங்க. குடி கிடையாது, வெட்டிச் செலவு கிடையாது, கையை ஓங்கினது கிடையாது. நாலஞ்சு வருஷமா அந்த மனுஷன் என்கூடப் பேசுறதில்ல, அதுதான் என் குறை. நான் வீட்டுலயே பிளவுஸ் தைக்கிறவ. பகல் பூரா தையல் மெஷினைத் தவிர துணை இல்ல. சாயங்காலம் ஒரு ஆள் வந்தா நாலு வார்த்தை பேசலாம்னு மனசு ஏங்கும். அவர் வருவார், டிவியை அலற விட்டுக்கிட்டு உக்காருவார். நான் அடுப்படியிலேர்ந்து ஊர்க்கதை எல்லாம் சொல்லுவேன். "ம்". அவ்வளவுதான் பதில். பாதி நேரம் அதுவும் வராது. பொண்ணு போன் பண்ணினாக்கூட "நீயே பேசு"ன்னு என்கிட்ட நீட்டிடுவார். பெத்த பொண்ணுகிட்ட பேசக்கூட இந்த மனுஷனுக்கு என்ன கிராக்கின்னு எனக்குப் பத்திக்கிட்டு வரும். "காது என்ன செவிடா?"ன்னு கத்துவேன். ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது கேட்டிருப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி, அதை நானே ஒத்துக்கிறேன்.

சரி, ஞாயித்துக்கிழமைக்கு வர்றேன். நாடகம்னா நாடகம், அப்படி ஒரு நாடகம்! வாடகைக்கு இருக்குறவன் வீட்டு ஓனரையே காலி பண்ண வைக்கிற கதை. நான் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு. திரும்பி இவரைப் பார்த்தா, இவர் மேடையைப் பார்க்கவே இல்ல. என்னையே பார்த்துக்கிட்டிருக்கார். நான் சிரிச்சா இவரும் சிரிக்கிறார், ஆனா எல்லாரும் சிரிச்சு முடிச்ச அப்புறம். 'ரசனை கெட்ட ஜென்மம், எனக்காக ஒப்புக்குச் சிரிக்குது'ன்னு மனசுக்குள்ள திட்டினேன்.

திரும்பி வரும்போது எலெக்ட்ரிக் டிரெயின்ல எதிரெதிரா உக்காந்திருந்தோம். சிரிச்ச களைப்போ என்னமோ, எனக்கு ஒரு தைரியம் வந்துச்சு. இப்பவே சொல்லிடலாம்னு தோணுச்சு. "நான் பாப்பாகூட ஓசூர்லயே இருந்துடலாம்னு பார்க்குறேன். சனிக்கிழமை கழிச்சுப் போறேன்"னு அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அவரும் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் மெதுவா தலையை ஆட்டினார். "சரி"ன்னார்.

ஏன்னு ஒரு வார்த்தை கேட்கல. போகாதேன்னு சொல்ல வேணாம், எப்போ வருவேன்னாவது கேட்டிருக்கலாம் இல்ல? ஆவடி வர்ற வரைக்கும் நான் ஜன்னல் பக்கமே திரும்பி உக்காந்துட்டேன்.

புதன்கிழமை சினிமாவுக்கு நான் போறதாவே இல்ல. பொண்ணு எடுத்த டிக்கெட் வீணாப்போகுமேன்னுதான் கிளம்பினேன். அங்கே போனா இவர் ஒரு கூத்து பண்ணினார் பாருங்க. பொண்ணு நல்லாப் பின்னாடி, வசதியா சீட் எடுத்துக் கொடுத்திருக்கா. இவர் கவுன்டர்ல பேசி, முன்னாடி ரெண்டாவது வரிசைக்கு மாத்திக்கிட்டு வந்துட்டார்! ஸ்பீக்கருக்குப் பக்கத்துல. அண்ணாந்து பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து பிடிச்சுக்கிச்சு. இவரானா சீட்டோட கைப்பிடியில உள்ளங்கையை அழுத்தி வெச்சுக்கிட்டு சின்னப் பிள்ளை மாதிரி உக்காந்திருக்கார்.

அதோட விட்டாரா? படத்துல ஹீரோயின் சாகக் கிடக்குறா. தியேட்டரே கப்சிப்புனு இருக்கு. மூக்கை உறிஞ்சுற சத்தம்தான் கேட்குது. அந்த நேரம் பார்த்து, "நான் பாத்ரூம் போய்ட்டு வந்துடட்டா?"ன்னு கேட்டார் பாருங்க! சந்தைக்கடையில கேட்குற மாதிரி ஒரு குரல். பின்னாடி ஒருத்தன், "போய்ட்டு வா அண்ணாத்தே, அந்தப் பொண்ணு அதுவரைக்கும் சாவாது"ன்னான். தியேட்டரே சிரிச்சுது. எனக்கு மானம் போச்சு. புடவைத் தலைப்பால முகத்தை மூடிக்கிட்டேன். இந்த ஆளோட இனி ஒரு நாள்கூட முடியாதுன்னு அங்கேயே முடிவு கட்டிட்டேன். வீட்டுக்கு வந்ததும் பெட்டியில துணியை அடுக்க ஆரம்பிச்சேன். அதையும் பார்த்துக்கிட்டுதான் இருந்தார்.

சனிக்கிழமை வந்துச்சு. "கடைசியா இது ஒண்ணுக்கு வந்துடேன்"ன்னார். அந்தக் 'கடைசியா' என்னை என்னமோ பண்ணிடுச்சு. போனேன்.

நாலு மணி வெயில். கிரவுண்டைச் சுத்தி எஸ்டேட் ஜனம். அவரோட கம்பெனி டீமும் இரும்பு உருக்குற ஒரு ஃபவுண்டரி டீமும் ஆடுறாங்க. என்னை நிழலா ஒரு படிக்கட்டுல உக்கார வெச்சுட்டு இவர் கோட்டுப் பக்கம் போய் நின்னுக்கிட்டார். எனக்குப் பக்கத்துல ஒரு பொம்பளை. அதே கம்பெனியில பேக்கிங் செக்‌ஷன்ல வேலை செய்யுற பொண்ணு, முப்பத்தஞ்சு வயசு இருக்கும். அவளா வந்து சிநேகமாயிட்டா, சுண்டல் பொட்டலத்தை நீட்டினா.

நான் பந்தைப் பார்க்கல. இவரையே பார்த்தேன். என் வீட்டுல 'ம்'முனு உக்காந்திருக்குற மனுஷனா இது? கிரவுண்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிற கூட்டாளிகளைப் பார்த்து ரெண்டு கையாலயும் என்னென்னவோ காட்டுறார். நெத்தியில விரலை வைக்கிறார், கன்னத்தைத் தட்டுறார், வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் குலுங்குறார். அந்தப் பக்கம் நிக்கிறவங்களும் கையாலயே என்னமோ திருப்பிச் சொல்றாங்க. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க.

"இன்னாம்மா இது, ஊமைக்கூத்து?"ன்னு பக்கத்துல இருந்தவளைக் கேட்டேன்.

"பிரஸ் ஷாப்பு பேச்சுக்கா"ன்னு சிரிச்சா அவ. "உள்ள இருவது மெஷினு ஒண்ணா அடிக்கும். வாயால பேசினா யாருக்குக் கேக்கும்? அல்லாம் கையிலதான். நெத்தியில விரலை வெச்சாரு பாரு, அது நீதான். பொட்டு. 'என் ஊட்டுக்காரி'ன்னு அர்த்தம். நாடகத்துக்குப் போனீங்களாமே? நீ வயிறு வலிக்கச் சிரிச்சியாம். நாடகத்தை உட்டுட்டு உன்னியதான் பாத்துகினு இருந்தேன்னு சொல்றாரு."

எனக்குக் கையில இருந்த சுண்டல் வாய்க்குப் போகல.

"அண்ணன் தெனமும் இப்படித்தான்கா. டிபன் பாக்ஸைத் தொறந்ததும் மொதல்ல நெத்தி, அப்பறம் உதட்டுல விரலு. 'என் ஊட்டுக்காரி சமையலு'ன்னு ஊருக்கே காட்டிட்டுத்தான் துன்னுவாரு. உன்னைப் பத்தித் தெரியாத ஆளே எங்க ஷாப்புல கெடையாது"ன்னா. அப்புறம் ரொம்ப சாதாரணமா, நேத்து மழை பேஞ்சுதுன்னு சொல்ற மாதிரி சொன்னா: "காது ரெண்டும் போனப்பறம் அவருக்கு அந்தக் கைப்பேச்சுதானே நிம்மதி."

"யாருக்குக் காது போச்சு?"

அவ என்னைப் பார்த்தா. "இன்னாக்கா, உனக்குத் தெரியாதா? நாலஞ்சு வருஷமா கீதே. பழைய ஆளுங்க நெறைய பேருக்கு அப்படித்தான். அந்தச் சத்தத்துக்குக் காதுல பஞ்சை அடைச்சுக்கினா மெஷின் சத்தம் மாறுறது தெரியாதுன்னு அடைச்சுக்கவே மாட்டாங்க. சத்தம் மாறினாத்தானே உள்ள என்னமோ உடையப் போவுதுன்னு தெரியும்..." அவ சொல்லிக்கிட்டே போறா. எனக்கு அதுக்கு மேல எதுவும் மனசுல ஏறல.

கம்பெனி பூராவும் தெரிஞ்சிருக்கு. சுண்டல் கொடுத்தவளுக்குத் தெரிஞ்சிருக்கு. கூடவே படுத்து எந்திரிக்கிற எனக்கு மட்டும் தெரியல. அலற விட்ட டிவி, 'நீயே பேசு'ன்னு நீட்டின போன், ரெண்டாவது வரிசை சீட்டு எல்லாம் வரிசையா வந்து மூஞ்சியில அடிச்சுது. அது எல்லாத்தையும்விட, தினம் பத்து தடவை நான் கேட்டேனே அந்தக் கேள்வி! ஐயோ, என் வாயில தீயை வைக்கன்னு தோணுச்சு. அந்தக் கூட்டத்துல உக்காந்து பொலபொலன்னு அழுதேன். அந்தப் பொண்ணு பயந்தே போயிட்டா.

கண்ணைத் துடைச்சுக்கிட்டு அவகிட்ட கேட்டேன். "உன்னை விட்டுட்டு எங்கேயும் போகமாட்டேன்னு எப்படிம்மா காட்டுறது?"

"அதெல்லாம் கெடையாதுக்கா. மெஷினுக்கு வேண்டியதுதான் இருக்கும். நிறுத்துன்னா முஷ்டியை மூடித் தூக்கணும். நிறுத்தாத, ஓடட்டும்னா ஒத்த விரலைச் சுத்திகினே இருக்கணும்."

எனக்கு அது போதும்னு பட்டுச்சு. எழுந்து நேரா அவர்கிட்ட போனேன். எதிர்ல போய் நின்னேன். பெட்டியைப் பத்திக் கேட்கத்தான் வந்திருக்கேன்னு நினைச்சாரோ என்னவோ, முகம் வாடிப்போச்சு. நான் என் நெத்தியில ஒரு விரலை வெச்சேன். அப்புறம் அதே விரலைத் தூக்கி வட்டமா சுத்தினேன். சுத்திக்கிட்டே இருந்தேன். பார்க்கிறவங்களுக்குப் பைத்தியம் மாதிரி இருந்திருக்கும். எனக்கென்ன!

அவர் என் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். படிக்கட்டுல இருந்த அந்தப் பொண்ணைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு விஷயம் தெரிஞ்சு போச்சுன்னு புரிஞ்சிருச்சு போல. அப்புறம் கிரவுண்டே கேட்குற மாதிரி ஒரு குரல்ல, "அப்போ நீ ஓசூருக்குப் போவலியா?"ன்னார்.

நாலு பேர் திரும்பிப் பார்த்தாங்க. அடி ஆத்தீ, டிரெயின்ல நான் சொன்னது இவருக்குப் புரிஞ்சிருக்கு! நேருக்கு நேர் பேசினா உதட்டைப் பார்த்தே பிடிச்சுக்குவாராம். பின்னே ஏன் தலையை ஆட்டினீங்கன்னு கேட்டேன். "இந்தச் செவிட்டு ஆளோட ஒக்காந்துகினு நீ இன்னா பண்ணுவ? அங்க போனா நீ பேசுறதைக் கேக்கப் பொண்ணாவது கீதேன்னு நெனச்சேன்"ன்னார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீதான் தெனமும் கேப்பியே. மொத வருஷமே ஆமான்னு சொல்லியிருக்கணும். வெக்கமா இருந்துச்சு"ன்னார்.

நான் அவர் பக்கத்துலயே நின்னுக்கிட்டேன். அவர் கம்பெனி ஒரு கோல்ல தோத்துப்போச்சு. நாங்க ரெண்டு பேரும் அதைப் பார்க்கவே இல்ல.

அடுத்த வாரமே டாக்டர்கிட்ட போனோம். முழுசா திரும்பாதாம், ஆனா காதுல மெஷின் வெச்சா ஓரளவு கேட்கும்னார். இப்போ வெச்சுக்கிறார். நான் திட்ட ஆரம்பிச்சா மட்டும் நைசா கழட்டி சட்டைப் பையில போட்டுக்குவார், கள்ளன். பொண்ணு இப்பல்லாம் வீடியோவுலதான் கூப்பிடுறா. அப்பாவும் பொண்ணும் அரை மணி நேரம் பேசுறாங்க, எனக்குத்தான் போன் கிடைக்கிறதில்ல. பெட்டியில அடுக்கின துணி எல்லாம் எப்பவோ பீரோவுக்குப் போயாச்சு. மாசத்துல ஒரு நாளாவது எங்கேயாவது வெளிய கிளம்பிடுறோம். நாடகத்துக்குப் போனா, சிரிப்பு வர்ற இடத்தை எல்லாம் நான் அவர் உள்ளங்கையில தட்டிச் சொல்றேன்.

எனக்கு இப்பவும் கோபம் வரத்தான் செய்யுது, வாயும் குறையல. ஆனா ஒரு ஆள் பதில் பேசலன்னா நானா ஒரு காரணத்தைக் கட்டிக்கிறது அந்த வாரத்தோட நின்னு போச்சு. எவ்வளவு கோபமா இருந்தாலும் முதல்ல எழுந்து அவர் எதிர்ல போய் நின்னுட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.