நல்ல நேரத்துக் காற்று

எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. தி.நகரில் எங்கள் புடவைக் கடையைப் பார்த்துக்கொண்டே சின்ன விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தேன். "இந்த வயசுல இது தேவையா?" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. தேவைதான், அதற்கென்ன என்பேன்.

காற்று அடங்கிய காலைகளில் தனியாகப் பறந்தாயிற்று. பக்கவாட்டுக் காற்றில் இறங்கிக் காட்டினால்தான் அடுத்த கட்டம். அந்தச் சோதனையைத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வைத்தார் பயிற்சியாளர். என்னைவிட ரொம்ப இளையவர்.

அம்மா விடவில்லை. திருநெல்வேலியை விட்டு வந்தாலும் பஞ்சாங்கத்தை விடாதவள். "ஏட்டி, ஏழரையிலருந்து ஒம்பது ராகு காலம். பத்தரைக்கு எமகண்டம்." இடையில் இருந்த நேரத்துக்கு விமானம் வேறொருவருக்குப் போயிருந்தது. "அப்ப பன்னெண்டுக்கு மேல ஏறு." கூடவே ஒரு நிபந்தனை: இதில் தோற்றால் பறப்பதையே விட்டுவிட வேண்டும். வீட்டில் ரகளை வேண்டாமென்று இரண்டுக்கும் தலையாட்டித் தொலைத்தேன்.

பன்னிரண்டு மணிக்குமேல் சென்னையில் கடல்காற்று உள்ளே வரும் என்று பஞ்சாங்கத்தில் போடவில்லை. திங்கட்கிழமை அது ஓடுதளத்துக்குக் குறுக்கே அடித்தது. கைப்பிடியைத் திருப்பிக் காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, மறுபக்கக் காலால் பெடலை மிதித்து மூக்கை நேராக்கி இறங்க வேண்டும். எல்லாம் சரியாகத்தான் செய்தேன். சக்கரம் தரையைத் தொட்டதும் அப்பாடா என்று கையைத் தளர்த்தினேன். அவ்வளவுதான், காற்று இறக்கையைத் தூக்கி எங்களைப் புல்பக்கம் தள்ளியது. பயிற்சியாளர் கைப்பிடியைப் பிடுங்கிச் சமாளித்தார்.

"புதன்கிழமை காலைல வாங்க மேடம். லேசான காத்துதான் இருக்கும். அதுலயே கையெழுத்துப் போட்டுடறேன்."

பரிதாபமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வேணாம். இதே பன்னெண்டு மணிக்கு, இதே காத்துல வர்றேன்."

மறுநாள் மதியம், அதே கடல்காற்று குறுக்கே அடிக்கும் நொச்சிக்குப்பம் கடற்கரைச் சாலையில் ஸ்கூட்டரில் போவதும் திரும்புவதுமாக இருந்தேன். ரோட்டோரம் மீன் விற்ற பெண் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"இன்னாக்கா, மீனும் வாங்கல, வூட்டுக்கும் போவல, சும்மா சுத்திக்கினு கீறே?"

"காத்துகூட சண்டை."

"நல்ல ஆளாண்டதான் வச்சிக்கினே, போ!"

பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் ஒன்று பிடிபட்டது. ஸ்கூட்டர் முழுசாக நிற்கும்வரை காற்றுப் பக்கம் சாய்ந்த உடம்பை நான் நிமிர்த்தவே இல்லை. விமானத்தில் மட்டும் என்ன அவசரம் எனக்கு?

புதன்கிழமை அம்மா வாசலை மறித்தாள். "பன்னெண்டுக்கு ராகு காலம்ட்டி. தோத்தா விட்டுருதேன்னு சொன்னியே, என்னாச்சு?"

"உன் நல்ல நேரத்துலதாம்மா தோத்தேன். சொன்ன சொல்ல மீறுதேன்னே வச்சுக்கோ."

அவளிடம் அப்படி நான் பேசியதே இல்லை. தெருமுனை வரை கோபமும் இருந்தது, பயமும் இருந்தது.

அன்று காற்று திங்கட்கிழமையைவிட மோசம். ஒரு சக்கரம் தொட்டது. கைப்பிடியைக் காற்றுப் பக்கம் இன்னும் திருப்பினேன். மற்றதும் தொட்டது. இன்னும் திருப்பினேன். ஓடுதளத்தின் நடுக்கோட்டை விட்டு விமானம் நகரவில்லை.

"பாஸ் மேடம்," என்றார் பயிற்சியாளர். "வண்டி நின்னுடுச்சு. இப்பவாவது கையை விடுங்க."

"கையெழுத்தை அப்புறம் போடுங்க," என்றேன். "இன்னொரு தடவை ஏறலாம்."