ஷேர் ஆட்டோவில் ஒரு போன் பந்தயம்

மதுரை அவனியாபுரத்திலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு நானும் நண்பனும் ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தோம். அவன் வைத்திருக்கும் அதே போனை நானும் வாங்குவதாக ஏற்பாடு. "பிராசசர் டெஸ்ட்ல இம்புட்டு மார்க் வேற எதுவும் எடுக்கலை மாப்ள," என்று வழியெல்லாம் பெருமையடித்தான்.

எதிரே சேலைக்கு மேல் கம்பெனி யூனிஃபார்ம் கோட்டு போட்டு, தலையில் கனகாம்பரம் வைத்த அக்கா ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"அந்த டெஸ்ட்டு ரெண்டு நிமிஷ ஓட்டம் தம்பி," என்றார். "சூடேறுனா போனு வேகத்தைக் கொறைச்சுக்கும். எறங்குற வரைக்கும் ரெண்டு போன்லயும் ஒரே கேமை ஓட்டிப் பாருங்க."

கார் பந்தயம் ஒன்றை ஓட்டினோம். அவனுடைய போன் புயலாய்க் கிளம்பியது. என் பழைய போன் மெதுவாக, ஆனால் சீராக ஓடியது. அக்கா அவ்வப்போது இரண்டின் முதுகையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. வில்லாபுரம் தாண்டியதும் நண்பனின் கார் திக்கித் திக்கி நகர ஆரம்பித்தது. மொத்த ஆட்டோவும் கைதட்டியது. டிரைவர் ஹாரன் அடித்தார். தோற்றவனே வாய்விட்டுச் சிரித்தான்.

"அப்ப நான் எதைத்தான் வாங்கக்கா? நீங்க என்ன போன் வச்சிருக்கீங்க?" என்றேன்.

வெட்கத்தோடு பையிலிருந்து எடுத்தார். கண்ணாடி விரிசல் விட்டு, ரப்பர் பேண்ட் போட்ட போன்.

"அடுத்த மாசம் இன்னும் நல்ல சிப்பு வருதாம் தம்பி. வரட்டும் வரட்டும்னு நாலு வருஷம் ஓடிப்போச்சு!"

பெரியாரில் இறங்கிக் கூட்டத்தில் கலந்துவிட்டார். பேரைக்கூடக் கேட்கவில்லை. அன்றைக்கு நானும் போன் வாங்கவில்லை. புது பிராசசர் வந்ததாகச் செய்தி பார்க்கும்போதெல்லாம், இதையாவது வாங்கியிருப்பாரா என்று நினைத்துச் சிரித்துக்கொள்கிறேன்.