ஆட்டுக்குட்டியின் கண்

கல்யாண உடுப்புகளுக்குச் சரிகை வேலை செய்வதுதான் என் பிழைப்பு. பூ, கொடி, பிறை எல்லாம் கை தன்பாட்டில் தைத்துவிடும். மிருகம் மட்டும் தைத்ததில்லை; முஸ்லிம்களான எங்களுக்கு உயிருள்ளதன் உருவம் ஆகாது.

தலவிலப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா, மாதா கோயில் பவனியில் பிடிக்கும் பழைய கொடியொன்றைக் கொண்டுவந்தார். நடுவில் பொன்னிழையில் புடைத்து நிற்கும் ஆட்டுக்குட்டி. பாதியைப் பூச்சி அரித்திருந்தது. அதேபோலப் புதிதாக ஒன்று திருநாளுக்கு முன் வேண்டுமாம்.

பார்த்ததுமே ஆசை வந்துவிட்டது. கிழிசலுக்குள் எட்டிப் பார்த்தேன். துணியை அடுக்கடுக்காக, மேலே போகப் போகச் சிறிதாக வெட்டித் தைத்துத்தான் வயிற்றை உயர்த்தியிருந்தார்கள். மெல்லிய பொன் சுருள் கம்பியைத் துண்டு துண்டாக நறுக்கி, மணி கோர்ப்பதுபோலத் தைத்தால் ரோமம். செய்தவர் யாரோ, மூளைக்காரர்.

என் வீட்டுக்காரருக்குத்தான் பிடிக்கவில்லை. "உயிருள்ளதுட உருவத்தயா செய்யப் போறாய்?" என்று கிழிந்த மீன்வலையைப் பொத்தித் தைத்துக்கொண்டே கேட்டார். எனக்கும் அந்தப் பயம் இல்லாமலில்லை. வேலையை விடவும் மனமில்லை. கடைசியில் அக்காவிடம் சொன்னேன்: "உடம்பெல்லாம் நான் செய்றன். கண் மட்டும் வைக்க மாட்டன், கண் வெச்சாத்தான் அது உயிருள்ள உருவம். அத நீங்க வையுங்க."

"எனக்குப் பொத்தான் தைக்கவே ஒழுங்கா வராது, தங்கச்சி" என்று முழித்தார். பிறகு ஓம் என்று ஒத்துக்கொண்டார்.

திருநாள் நெருங்க அக்கா வந்து கதிரையில் உட்கார்ந்தார். பக்கவாட்டு முகம், ஒரே கண்தான். கறுப்பு மணியை ஊசியில் கோர்த்துக் கொடுத்தேன். நான் காட்டிய இடத்துக்குக் கொஞ்சம் கீழே குத்தி, இறுக்கி, நூலையும் வெட்டிவிட்டார். பிரித்துச் சரியாக வைக்க ஆசைதான். கையை மடிக்குள் பூட்டிக்கொண்டேன். பார்த்துப் பார்த்துச் செய்த முகம் அது. சத்தியமாக அழுகை வந்தது.

அவருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. "பாருங்க, என்னயே பாக்குது!"

மறுநாள் எடுத்துப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். கொடியைச் சுருட்டப்போன நேரம் வீட்டுக்காரர் வந்தார். குனிந்து கனநேரம் பார்த்தார்.

"கண்ண ஆர் வெச்ச?"

"அந்த அக்காதான்."

"சாடையாக் கீழ போயிட்டே." இன்னொரு தடவை பார்த்தார். "நீயே வெச்சிருக்கலாம், புள்ள."