தட்டுகள் வெறுமையாக வந்த புதன்கிழமை

ஜேர்மனியில் கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் ஓர் ஆரம்பப் பாடசாலையின் சமையலறையில் உதவியாளாக இருக்கிறேன். அதற்கு முன் பல வருடங்கள் உணவகங்களில் பாத்திரம் கழுவினேன், மரக்கறி வெட்டினேன். இங்கே என் இடம் பரிமாறும் ஜன்னலுக்கு உள்பக்கம். வெளியே வந்து யாரோடும் பேசவேண்டியதில்லை. இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

போன வருடம் ஒருநாள் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் தராசும் வாளியுமாக அந்த ஜன்னலுக்கு வந்து நின்றார்கள். கூட வந்த ஆசிரியை இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை.

"அங்கிள், பிள்ளையள் மிச்சம் விடுற சாப்பாட்டை இனி இந்த வாளிக்குள்ள போடுங்கோ. ஒவ்வொரு நாளும் நிறுக்கப் போறம்."

"என்னத்துக்குப் பிள்ளை?"

"மண்புழுப் பெட்டி வைக்கப் போறம். மிச்சத்தைப் புழு திண்டு உரமாக்கும், அந்த உரத்தில தோட்டம் போடலாம். காசுக்கு அன்ட்ராக் போட்டிருக்கிறம்."

எங்கள் நகரத்தில் கல்விக்கென்று ஓர் அறக்கட்டளை உண்டு. பாடசாலைகளில் ஒரு வகுப்பு புதிதாக ஏதாவது செய்ய விரும்பினால் பணம் கொடுக்கும். அன்ட்ராக் என்றது அதற்கு அனுப்பிய விண்ணப்பத்தை. பிள்ளைகளுக்கு வேறு நினைப்பே இல்லை. புழுக்களுக்குப் பெயர்கூட வைத்துவிட்டார்கள். தராசைப் பார்த்து எடையைச் சொல்லும் வேலை ஒரு சிறுமிக்கு. பல் விழுந்த வாயால் அவள் எண்ணைக் கத்திச் சொல்லும்போது எனக்கும் உள்ளே ஒரு துள்ளல் வரும். பிறகு நானும் மணியைப் பார்த்துக் காத்திருக்கத் தொடங்கினேன்.

சில வாரங்கள் கழித்து ஆசிரியை வந்தார். "அங்கிள், வாற புதன்கிழமை அறக்கட்டளையில இருந்து ரெண்டு பேர் வருகினம். பிள்ளையளோட இருந்து சாப்பிட்டு, நிறுக்கிறதையும் பாப்பினம். அவைக்குப் பிடிச்சால்தான் காசு."

புதன்கிழமை என்றால் பருப்புச் சூப். ஆகக்கூடுதலாகத் திரும்பி வருவது அதுதான். அவித்த பருப்பு, உப்பு, இரண்டு துண்டு கரட். அதையா விருந்தாளிக்கு வைப்பது? மனம் கேட்கவில்லை. ஜேர்மன் மொழியில் சொல்லவேண்டியதை இரண்டு தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, தலைமைச் சமையல்காரியிடம் போனேன்.

"கொஞ்சம் தாளிச்சுப் போடட்டோ?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ வாய் திறந்ததே பெரிய விஷயம். போடு. கடுகு மட்டும் வேண்டாம், ஒவ்வாமைப் பட்டியலில இருக்கு."

புதன்கிழமை வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, உள்ளியும் சீரகமும் சேர்த்துப் பருப்பில் கொட்டினேன். இறக்கியபின் தேசிக்காய் பிழிந்து புளி விட்டேன். வாசம் நடைபாதை முழுக்கப் போனது. பிள்ளைகள் இரண்டாம் தரமும் கேட்டு வந்தார்கள். அறக்கட்டளையிலிருந்து வந்த வயதான அம்மாவும் இன்னொரு கரண்டி வாங்கினார். ஜன்னலுக்குள் நின்று பூரித்துப் போனேன்.

சாப்பாடு முடிந்தது. தட்டுகள் வந்தன. எல்லாம் துடைத்தமாதிரி வெறுமையாக வந்தன.

வாளியின் அடியில் இரண்டு பாண் துண்டும் ஒரு கரட் துண்டும் கிடந்தன. சிறுமி தராசைப் பார்த்தாள், பிறகு ஆசிரியையைப் பார்த்தாள். ஆசிரியை ஜன்னலுக்கு ஓடி வந்து குனிந்தார்.

"அங்கிள், என்ன செய்தனீங்கள்? கனக்க மிஞ்சும் எண்டுதானே புதன்கிழமையைக் கேட்டு எடுத்தனான்!"

நானே அந்தப் பிள்ளைகளின் திட்டத்தைக் கெடுத்துவிட்டேன். இதை ஆசிரியையின் தலையில் விடக்கூடாது. ஏப்ரனோடு வெளியே வந்தேன். நூறு கண்கள் என்மேல் இருந்தன.

"பிழை என்னுடையது," என்றேன் எனக்குத் தெரிந்த ஜேர்மனில். "மற்றப் புதன்கிழமைகளில வாளி நிறையும். விருந்தாளிகள் வருகினம் எண்டு இண்டைக்கு நான் ருசியாக்கிப்போட்டன்."

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப எங்களுக்காக மட்டும்தானா?" பிறகு சிறுமியிடம் திரும்பினார். "போன புதன் எவ்வளவு? இண்டைக்கு எவ்வளவு? வித்தியாசம் எதால வந்தது?"

"வெங்காயத்தால!" என்றது ஒரு குரல்.

"இல்லை, புளியால!"

"நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீங்கள் எண்டுதான் நான் சாப்பிட்டனான்," என்றான் பின்வரிசையில் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்ப எது சரி எண்டு எப்படிக் கண்டுபிடிப்பீங்கள்?"

சிறுமி யோசித்தாள். "ரெண்டு பானை வைக்கவேணும். ஒண்டு தாளிச்சது, ஒண்டு சும்மா. ரெண்டு வாளி." பிறகு அவள் முகம் வாடியது. "ஆனா மிச்சம் இல்லாட்டிப் புழு என்னத்தைத் தின்னும்?"

"புழுவுக்கு உப்புச் சாப்பாடு எப்பிடியும் ஒத்துவராது. சமையலறையில உரிக்கிற மரக்கறித் தோலுகள் காணும்," என்றார் அந்த அம்மா. இரண்டு பானைச் சோதனையையும் சேர்த்து விண்ணப்பத்தைத் திருத்தி அனுப்பும்படி ஆசிரியையிடம் சொல்லிவிட்டுப் போனார். தருவோம் என்றும் சொல்லவில்லை, தரமாட்டோம் என்றும் சொல்லவில்லை.

மூன்று வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "தாளிச்சதுக்கு இவ்வளவு கவலைப்படுற மனிசனை நான் இப்பதான் பாக்கிறன்," என்று மனைவி பகிடி பண்ணினாள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஆசிரியை கடிதத்தோடு சமையலறைக்குள்ளேயே ஓடி வந்தார். பின்னால் முழு வகுப்பும் நின்றது. என் கை இரண்டும் சவர்க்கார நுரை.

"அங்கிள், கிடைச்சிட்டுது! புழுப்பெட்டிக்கும் காசு, ரெண்டாவது தராசுக்கும் காசு!"

பிள்ளைகள் போட்ட சத்தத்தில் மூடிகள் அதிர்ந்தன. நானும் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு ஞாபகமில்லை.

கடிதத்தின் கடைசி வரியை ஆசிரியை இன்னொரு தரம் வாசித்தார். வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒரு புதன்கிழமை மறுபடி வருவார்களாம். எந்தப் புதன் என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார்களாம்.

தலைமைச் சமையல்காரி இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்தார். "இனி ஒவ்வொரு புதனும் விருந்தாளி வந்தமாதிரித்தான்."

"ஓம்," என்றேன் தமிழிலேயே. அன்று பின்னேரம் வேலை முடிந்த கையோடு தமிழ்க் கடைக்குப் போய்ச் சீரகம் ஒரு கிலோப் பையாக வாங்கினேன்.