சுக்கு அத்தான் செய்த நெஞ்சுக்கறி

என் அக்கா வீட்டுக்காரருக்கு மரவாடியில் வைத்திருந்த பேர் சுக்கு. வைத்தவர் யாரோ, அவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். ஆளும் அப்படி, பேச்சும் அப்படி. முப்பத்தொரு வருடம் அங்கே சூட்டு ரூமைப் பார்த்துக்கொண்டவர். அறுத்த பச்சைப் பலகைகளை இடைவெளி விட்டு அடுக்கி, கதவைச் சாத்தி, சூடான காற்றைச் சுழலவிட்டு ஈரத்தை எடுக்கிற அறை அது. ஈரம் மிச்சமிருக்கும் பலகை வெளியே போனால் யார் வீட்டுக் கதவோ கோணிக்கொள்ளும், திட்டு இவருக்கு விழும். அதனால் ஈரம் என்றாலே இவருக்கு ஆகாது. எங்கள் அம்மா இறந்த அன்று வீடே அழுதுகொண்டிருக்க, இவர் ஜன்னல் கதவு ஏன் சரியாகச் சாத்த வரவில்லை என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதை மறக்கவே இல்லை.

“இந்த மனுஷன் நெஞ்சுல ஒரு சொட்டு ஈரம் கிடையாதுடி,” என்று அக்கா அன்றைக்கே சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வெளியே வெயில் அடிக்கிறது என்பது போலச் சொன்னாள்.

போன வருடக் கடைசியில் அக்காவுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. கதிர்வீச்சு கொடுத்தார்கள். கட்டி கரைந்தது, கூடவே வாயில் எச்சிலும் வற்றிப்போனது. எச்சில் இல்லாமல் ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள், அப்போது தெரியும். அரைத்ததும் கரைத்ததுமாகக் கொடுத்ததை எல்லாம் பார்த்தாலே அவளுக்குக் குமட்டியது. எடை நாற்பத்து மூன்றரைக் கிலோவுக்கு வந்துவிட்டது.

“மூணு வாரம் பாக்கலாம். நாப்பத்திரண்டுக்குக் கீழ போயிட்டா, மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் சாப்பாடு குடுக்கணும்,” என்று ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு விஷயம் பார்க்கிற அம்மா சொன்னார்.

அக்கா இருபது வருடம் வேறொரு ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாக இருந்தவள். குழாய் என்றால் அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வீடு திரும்பும் வழியில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “பிடுங்கிடக் கூடாதுன்னு எத்தனை பேர் கையைக் கட்டிலோட கட்டியிருக்கேன் தெரியுமாடி? என் கையைக் கட்ட விட்டுடாதே.”

அந்த அம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தார். கோழியின் நெஞ்சுக்கறி கொடுக்கலாம், நல்ல சத்து. காரம் கூடாது, எண்ணெய் கொஞ்சமாக. “ஆனா ஈரமா இருக்கணும். காய்ஞ்சு போச்சுன்னா தொண்டையில இறங்காது.” அதைக் கேட்டதும் அக்கா முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. மென்று சாப்பிட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது அவளுக்கு.

என் மருமகள் வாங்கிக் கொடுத்த ஏர் ஃப்ரையர் ஒன்று பெட்டி பிரிக்காமல் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போய் அக்கா வீட்டுச் சமையலறையில் வைத்தேன். எனக்குத் தையல் கடை. பகலில் விட்டுவிட்டு வர முடியாது. ஆகவே சமைக்க வேண்டியவர், வேலையிலிருந்து ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்திருந்த சுக்கு அத்தான்தான். எங்கள் தலையெழுத்து.

அவர் அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மேலே விசிறி, சூட்டுக் கம்பி, கீழே இழுப்பறை. “இது எங்க சூட்டு ரூம்தான்,” என்றார். “குட்டி போட்டிருக்கு.”

முப்பது வருடத்தில் அவர் அடித்த முதல் ஜோக். நான் சிரித்துத் தொலைத்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

மறுநாள் கடையைச் சாத்திவிட்டுப் போனால், மனுஷன் நெஞ்சுக்கறியை எண்பது டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்து எடுத்திருக்கிறார். பலகைக்கு வைக்கிற கணக்கு. தட்டில் போட்டு, விரல் முட்டியால் தட்டினார். ‘டொக்’ என்றது. “ஆயிடுச்சு,” என்று அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு! போடும்போது நூறு கிராம், எடுக்கும்போது ஐம்பத்தொன்று என்று சமையலறைக் கதவின் பின்பக்கம் சாக்பீஸால் எழுதிவைத்தார். சூட்டு ரூம் கதவில் அப்படித்தான் எழுதுவார்களாம், எவ்வளவு ஈரம் போயிற்று என்று தெரிவதற்கு.

அக்கா ஒரு துண்டை வாயில் போட்டாள். மென்றாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி மென்றாள். கடைசியில் காகிதத்தில் துப்பிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

எனக்கு வந்ததே கோபம். “இதை வச்சு ஒரு கதவு செய்யலாம் அத்தான்! அவ சாப்பிடறதுக்குத்தானே செய்யச் சொன்னேன்? இவ்வளவு வருஷம் அவளைக் காயவச்சது பத்தலையா?”

இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பதில் சொல்கிற ஆள் இல்லை என்று கிளம்பிச் செருப்பு மாட்டும்போது பின்னால் குரல் வந்தது.

“எனக்கு ஈரத்தை எடுக்கத்தான் தெரியும்மா. வைக்கத் தெரியாது.”

திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினேன். நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அடுத்த வாரம் முழுக்க அந்தச் சமையலறையில் நடந்ததை நான் பாதி பார்த்தேன், பாதி அக்கா சொன்னாள். அவர் ஒரு யோசனைக்கு வந்திருந்தார். மரவாடியில் எதற்கெல்லாம் முதலாளியிடம் திட்டு வாங்கினாரோ, அதையெல்லாம் இப்போது வேண்டுமென்றே செய்வது. ஒருமுறை பலகை மழையில் நனைந்ததற்குத் திட்டு விழுந்ததாம். ஆகவே கறியை அரைமணி உப்புத் தண்ணீரில் ஊறவைத்தார். எடுத்தவுடனே சூட்டை ஏற்றிவிட்டால் பலகையின் மேல்பக்கம் இறுகி உள் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், அது பெரிய குற்றம். ஆகவே பெட்டியை முதலிலேயே நூற்றுத் தொண்ணூறில் சூடாக்கி வைத்துக்கொண்டு, மேல் ஈரத்தைத் துணியால் ஒற்றி, சொட்டு எண்ணெய் தடவி உள்ளே தள்ளினார். கனமான பலகையையும் மெல்லிசான பலகையையும் ஒன்றாக அடுக்கக் கூடாது என்ற விதியை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார். நெஞ்சுக்கறியோ ஒரு பக்கம் புடைத்து, மறுபக்கம் வாலாக இருக்கும். கட்டையால் மெல்லத் தட்டித் தட்டி ஒரே கனத்துக்குக் கொண்டுவந்தார். தட்டுகிற சத்தம் கேட்டு மேல்மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, “என்ன சார், வீட்ல தச்சு வேலையா?” என்று கேட்டாராம். “ஆமா,” என்றிருக்கிறார் இவர்.

ஆனால் பாழாய்ப்போன பழக்கம் விடவில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இழுப்பறையைத் திறந்து கறியை எடுத்து எடை போடுவார். சூடெல்லாம் வெளியே ஓடிவிடும், வேக நேரமாகும், காயும். அறுபத்திரண்டு, அறுபத்தாறு என்று கதவில் எண்கள் ஏறின. அக்காவுக்கோ நாலு துண்டுக்கு மேல் இறங்கவில்லை.

ஒன்பதாம் நாள் நான் போனபோது அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். சமையலறைக் கதவைப் பார்த்தேன். கோழிக் கணக்குக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை இருந்தது. நாற்பத்து மூன்றரை. நாற்பத்து மூன்று. நாற்பத்திரண்டே முக்கால். நாற்பத்திரண்டரை. நாற்பத்திரண்டே கால்.

“இது என்ன அத்தான், இவ்வளவு சின்னத் துண்டா போட்டீங்க?”

“அது கோழி இல்ல.”

“பின்ன?”

“உங்க அக்கா.”

எனக்குப் புரியவில்லை. எடை மெஷின் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது, அந்த நம்பரைப் பார்த்தாலே தனக்கு வயிறு மூடிக்கொள்கிறது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். எப்படிப் பார்த்தார்?

“காலையில தூக்கிட்டுப் போய் பால்கனி நாற்காலியில உக்கார வைக்கறேன்ல, அப்ப பாப்பேன். முப்பத்தொரு வருஷம் பலகையைத் தூக்கியே எடை சொன்ன கைம்மா இது. நூறு கிராம் முன்னபின்ன இருக்கும், அவ்வளவுதான்.”

அவர் அவளைத் தூக்குவதை நானும் பார்த்திருந்தேன். தெருவில் நடக்கும்போது கையைக்கூடப் பிடிக்காத மனுஷனுக்கு இந்த வயதில் என்ன வந்தது என்று உள்ளுக்குள் கேலி செய்தும் இருந்தேன். தரை ஜில்லென்று இருக்கிறது, கால் வைக்காதே என்றுதான் அவளிடம் சொல்வார். அதையும் நம்பினோம், இரண்டு பேரும்.

அவர் சாக்பீஸை விரல்களுக்கு நடுவில் உருட்டிக்கொண்டே நின்றார். “இன்னும் கால் கிலோதான் இருக்கு. எனக்குப் பயமா இருக்கும்மா,” என்றார்.

முப்பது வருடமாக நான் திட்டித் தீர்த்த மனுஷன் அவர். கடையில் துணி தேய்க்கும்போது எனக்குத் தெரிந்த ஒன்றே ஒன்றைச் சொன்னேன். “சும்மா சும்மா தூக்கிப் பாக்காதீங்க அத்தான். சூடு வேலை செய்யட்டும், விடுங்க.”

அவர் கேட்டுக்கொண்டார், அதுதான் ஆச்சரியம். மறுநாள் கறியில் குத்திச் சூடு பார்க்கிற ஊசி ஒன்றை வாங்கி வந்தார். ஐந்து நிமிடம் ஒரு பக்கம், ஒரே ஒரு தடவை திருப்பி, மறுபக்கம் ஐந்து நிமிடம். அதுவரை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கனமான இடத்தின் நடுவில் ஊசியைக் குத்தி எழுபத்து நாலு டிகிரி வந்ததும் எடுத்தார். உடனே வெட்டாமல் கிண்ணத்தைக் கவிழ்த்து ஐந்து நிமிடம் மூடிவைத்தார். எடை போட்டார். எழுபத்தொன்பது.

அப்படியும் அக்காவால் முழுசாக மெல்ல முடியவில்லை. ஈரம் இருந்தது, ஆனால் நார் நாராக வாயில் சுற்றிக்கொண்டது. கறித் துண்டை அவர் விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

“அறிவு கெட்டவன் நான்! நார் ஓடற ரேகையோட போக்குலயே வெட்டியிருக்கேன் பாரு. பலகையை அப்படி அறுத்தாதான் உடையாது. இது உடையணுமே!”

அடுத்த துண்டை ரேகைக்குக் குறுக்கே மெல்லிசு மெல்லிசாக அரிந்தார். தட்டில் தேங்கியிருந்த சாறை ஒரு கரண்டி எடுத்து மேலே விட்டார். அக்கா ஒன்றை வாயில் போட்டாள். மென்றாள். தண்ணீர் டம்ளரைத் தொடவில்லை. விழுங்கினாள். இன்னொன்றை எடுத்தாள். நாங்கள் இரண்டு பேரும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம், வெட்கமில்லாமல்.

ஆறாவது துண்டுக்கு அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கரகரத்த குரலில் சொன்னாள்: “முப்பது வருஷமா தேடிட்டிருந்தேன். நெஞ்சுல ஈரம் இருக்கே!”

“எழுபத்தொன்பது கிராம்,” என்றார் அவர், மிகவும் பொறுப்பாக.

அக்கா சிரித்தாள். தொண்டை வலிக்க வலிக்கச் சிரித்தாள். எதற்கு என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. நான் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுகிற சாக்கில் அழுதேன்.

அன்றிலிருந்து தினம் இரண்டு வேளை அதுதான். கதவின் இரண்டாவது வரிசை மூன்று நாள் அதே நாற்பத்திரண்டே காலில் நின்றது. அவர் அந்த மூன்று நாளும் சரியாகத் தூங்கவில்லை. பிறகு மெல்ல ஏறத் தொடங்கியது.

மூன்று வாரம் முடிந்த அன்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். எடை மெஷின்மேல் ஏறுவதற்கு முன்னால் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். என் கையில் அவள் நகம் பதிந்தது. “பயப்படாதே. நாப்பத்திரண்டரைக்கு மேல இருப்ப,” என்றார் அவர். நர்ஸ் அவரை விநோதமாகப் பார்த்துவிட்டு எண்ணைப் படித்தார். நாற்பத்திரண்டு புள்ளி ஆறு. குழாய் வேண்டாம், இப்படியே சாப்பிடட்டும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அக்கா வீடு இரண்டாவது மாடி. நாற்பத்தொரு படி, லிஃப்ட் கிடையாது. கீழே வந்து நின்றதும் அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, “இன்னைக்கு நானே ஏறிடுவேன். நீங்க கஷ்டப்படாதீங்க,” என்றாள்.

“காலையில அவசரத்துல எடை பாக்கல,” என்றார் அவர்.

அக்கா அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். தரை ஜில்லென்று இருந்ததெல்லாம் எதற்கு என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். “அதான் ஆஸ்பத்திரியில பாத்தாச்சே?”

“அது யார் மெஷினோ, எவனுக்குத் தெரியும்,” என்று சொல்லிக்கொண்டே குனிந்து அவளைத் தூக்கினார். அக்கா அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஒவ்வொரு படியாக, பாதி வழியில் மூச்சு வாங்க நின்று, மறுபடி ஏறினார். நான் அவளுடைய செருப்பையும் மாத்திரைப் பையையும் எடுத்துக்கொண்டு, பார்த்து, பார்த்து, கீழே போட்டுடப் போறீங்க என்று அவரைத் திட்டிக்கொண்டே பின்னால் போனேன்.