கண்மாய்த் தண்ணீரும் அம்மாவின் காலும்

நுண்ணுயிரியல் எம்.எஸ்சி. கடைசி வருடத்தில் எங்கள் ஊர்க் கண்மாய்த் தண்ணீரையே ஆய்வுக்கு எடுத்திருந்தேன். நாரணாபுரம் பக்கம் பட்டாசுக் கம்பெனிகளுக்குப் போகும் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும் கண்மாய். ஊர்ச் சாக்கடையும் கோழிப்பண்ணைக் கழிவும் அதில்தான் வந்து சேரும்.

பாக்டீரியாவைத் தடவிய தட்டில் மருந்து தோய்த்த சிறு காகித வில்லைகளை வைப்போம். மருந்து கேட்டால், வில்லையைச் சுற்றி எதுவும் வளராமல் வட்டமாக இடம் விட்டிருக்கும். அன்று தட்டை எடுத்தபோது பெரும்பாலான வில்லைகளைச் சுற்றி வட்டமே இல்லை.

ஆய்வுக்கு நல்ல முடிவு என்றாள் தோழி. நான் தட்டோடு பேராசிரியையிடம் ஓடினேன். அதே கண்மாயில் துணி துவைக்கும்போது காலில் கண்ணாடிச் சில்லு குத்தி, அம்மா சிவகாசியில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எந்த ஊசிக்கும் வீக்கம் வடியவில்லை. காலையில் நான் கிளம்பும்போது காய்ச்சலில் கண்கூடத் திறக்கவில்லை.

அம்மாவைப் பற்றிச் சொன்னதும் பேராசிரியை தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தண்ணியில இருக்கிறதுதான் புண்ணுலயும் இருக்குன்னு நீயா முடிவு பண்ணாத. சீழ் எடுத்து டெஸ்ட் பண்ணச் சொல்லு. இப்பவே போ."

சிவகாசி பஸ் வழியில் ஆமத்தூரில் ஆள் ஏற்ற நின்றபோது இறங்கி ஓடலாம் போலிருந்தது.

இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்றுதான் டாக்டர் முதலில் சொன்னார். தட்டில் பார்த்ததைச் சொன்னேன். உடனே கட்டைப் பிரித்தார். சுண்டுவிரல் கறுத்திருந்தது. அன்றே சீழ் சோதனைக்குப் போனது.

முடிவு வருவதற்குள் விரலை எடுத்துவிட்டார்கள். வழக்கமான மருந்துகள் எதுவும் கேட்கவில்லை, ஒன்றிரண்டுதான் மிச்சம் என்று வந்தது முடிவு. அதில் ஒன்றை நரம்பில் ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கியதும் அம்மா கேட்ட முதல் கேள்வி:

"தீபாவளி சீசனுக்குள்ள கம்பெனிக்கு நடந்துருவேனா?"

நடந்தாள், லேசாகச் சாய்ந்தபடி. கண்மாயில் இருந்த கிருமிதான் அவள் காலிலும் இருந்ததா என்பதைக் கடைசிவரை உறுதி செய்ய முடியவில்லை.

இருந்தாலும் அம்மா வீட்டுக்கு வந்த அடுத்த ஞாயிறு கண்மாய்க்குப் போய், காலில் புண்ணோடு இறங்க வேண்டாம் என்று அங்கிருந்த பெண்களிடம் சொன்னேன். பக்கத்து வீட்டு மதினி துணியை அலசிக்கொண்டே சொன்னாள்:

"குழாயில தண்ணி வந்தா நாங்க ஏன் இங்கன வாறோம்?"

முழங்கால் தண்ணீரில் நின்றவர்களின் கால்கள் கலங்கலில் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒவ்வொருவராகக் கரையேறும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.