அரிதாரம் பூசாத ராஜா

புளித்த ரப்பர் பால் வாடை வீசும் அரண்மனையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் அதை வரைந்திருக்கிறேன்.

முப்பதுகளின் தொடக்கம். புலாவ் செபாங் ரயிலடியிலிருந்து நடக்கிற தூரத்தில் எங்கள் ரப்பர் தோட்டம். எனக்கு இருபது வயது. காலையில் மரத்தைக் கீறிப் பால் வெட்டுவேன். வேலை முடிந்ததும் நாங்கள் குடியிருந்த லயத்துச் சுவரில் கரித்துண்டால் படம் போடுவேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

மாரியம்மன் திருவிழாவுக்குத் தோட்டத்து ஆட்களே நாடகம் போடுவார்கள். ஒரு வருடம், மலாக்கா டவுனிலிருந்து வாடகைக்கு எடுத்த திரை மழையில் நனைந்துவிட்டது. மாடமும் கோபுரமும் சாயமாக ஒழுகி மேடையெல்லாம் ஓடின. பெரிய கங்காணிக்குத் தாங்க முடியாத அவமானம். அந்தச் சமயம் பார்த்து அவரிடம் போனேன்.

"மழையில கரையாத திரை நான் போட்டுத் தர்றேன்."

"நீயா? சரி, போடு பாப்போம். நின்னுச்சுன்னா துரைகிட்ட நானே பேசுறேன். பால் வெட்டு வேணாம், கோயில் சுவரு, சாமி படம் எல்லாம் உன் வேலை. நிக்கலன்னு வை... பிரஷ்ஷ அடுப்புல போட்டுட்டு ஒழுங்கா பெரட்டுக்கு வந்து நிக்கணும்."

பெரட்டு என்பது விடியுமுன் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடம். அங்கே திரும்பிப் போய் நிற்கக் கூடாது என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே வைராக்கியம்.

அடுத்த வருடத் திருவிழா நெருங்கியதும் மாவுச் சாக்குகளைப் பிரித்துத் தைத்தேன். காவி, நீலம், கரி எல்லாவற்றையும் தண்ணீரில் கரையும் வஜ்ஜிரப் பசைக்குப் பதிலாக ரப்பர் பாலில் குழைத்து அரண்மனை வரைந்தேன். காய்ந்ததும் கங்காணியின் கண் முன்னாலேயே ஒரு வாளித் தண்ணீரை அதன் மேல் ஊற்றினேன். ஒரு பொட்டுச் சாயம்கூடக் கரையவில்லை!

அந்தப் பெருமையோடு திரையைச் சுருட்டிப் பரணில் வைத்தேன். தகரக் கூரைக்கு அடியில், பத்து நாள்...

ரப்பரோடு ரப்பர் ஒட்டிக்கொள்ளும். தினமும் அந்தப் பாலிலேயே கை ஊறியவனுக்கு இது தோன்றவில்லை.

திருவிழாவன்று மத்தியானம் திரையைப் பிரித்தோம். வரவில்லை. பலம் கொடுத்து இழுத்தேன். ஒரு தூண் அப்படியே உரிந்து அடுத்த சுற்றின் முதுகில் போய் ஒட்டிக்கொண்டது.

"ஓவியரே, தூண யாரு தூக்கிட்டுப் போனா?" என்றான் சுற்றி நின்றவர்களில் ஒருவன்.

"பால் வாளியக் கழுவி வைங்கடா, அண்ணன் நாளைக்கு வெட்டுக்கு வர்றாரு!"

கங்காணி என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "டவுனுக்கு ஆள் அனுப்பு. வாடகைத் திரையே வரட்டும்" என்றார்.

சத்தம் கேட்டு மேடைக்குப் பின்னாலிருந்து பொன்னுசாமி அண்ணன் வந்தார். எங்கள் ராஜபார்ட் அவர்தான். அவரும் பால் வெட்டுக்காரர். அரிதாரம் பூச உட்கார்ந்தவர் அப்படியே எழுந்து வந்ததால், இரண்டு கையிலும் முத்துவெள்ளைப் பொடி அப்பியிருந்தது. திரையின் ஒரு முனையைப் பிடித்துப் பார்த்தார். அவர் கை பட்ட இடம் மட்டும் சுலபமாகப் பிரிந்தது. மறுபடி ஒட்டவும் இல்லை.

தன் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உள்ளே போய் அரிதார டின்னைத் தூக்கி வந்தார்.

"அண்ணே, அது உங்க..."

"பேசாம அந்த முனையப் பிடிடா."

இரண்டு பேரும் மண்டியிட்டுக்கொண்டு, விரல் விரலாகப் பொடி தூவிப் பிரித்தோம். டவுனுக்குப் போன ஆள் திரும்பும் முன், விளக்கேற்றும் நேரத்துக்கே திரை முழுக்கப் பிரிந்திருந்தது. டின் காலி; மற்ற நடிகர்கள் அதற்கு முன்பே பூசி முடித்திருந்தார்கள்.

"பொன்னுசாமி, இப்ப மூஞ்சிக்கு என்னத்தப் பூசுவ?" என்று கங்காணி கேட்டார்.

"மூஞ்சி இருக்குல்ல கங்காணி. அது போதும்."

அந்தக் காலத்தில் மேடை ராஜா என்றால் ரோஜா நிறம். கறுத்த ராஜாவை எங்கள் ஜனங்கள் பார்த்ததே கிடையாது. கிரீடத்தோடு அவர் வந்து நின்றதும் கொல்லென்று சிரித்தார்கள்.

"ராஜா நேரா பால் மரத்துலேருந்து வர்றாரு லா!"

அவர்கள் சிரித்து முடிக்கும் வரை அவர் நின்றார். பிறகு பாடத் தொடங்கினார். நாட்டைப் பறிகொடுத்த ராஜாவின் கதை அது. காலையில் வெட்டிய பாலின் கறை அவர் விரலில் அப்படியே இருந்தது. அந்தக் கையை நீட்டி, "என் நாடு எங்கே?" என்று கேட்டார்.

கடல் தாண்டி வந்த ஜனங்கள்... என்ன பதில் சொல்வார்கள்? முன் வரிசையில் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள்.

நடுவில் மழை தூறியது. ராணியின் முகம் வழிந்தது. மந்திரியின் முகம் வழிந்தது. ராஜாவின் முகத்தில் வழிய ஒன்றுமில்லை. பின்னால் என் திரையும் கரையாமல் நின்றது.

நாடகம் முடிந்து கங்காணி கேட்டார். "அரண்மனை ஏன்டா பனியில நனைஞ்ச மாதிரி வெளுத்துக் கெடக்கு? ஒரு தூணையும் காணோம்?"

"தூரத்து அரண்மனை அப்படித்தான் தெரியும்" என்றேன். விட்டுக்கொடுக்கவில்லை.

அவர் சிரித்துவிட்டார். துரையிடமும் பேசினார். மறுபடி நான் பெரட்டில் நிற்கவில்லை. செர்காமிலிருந்து கோலா சுங்கை பாரு வரை எத்தனையோ கோயில் சுவர்களிலும் கடைப் பலகைகளிலும் என் கை பட்டிருக்கிறது. பட்டினி கிடந்த நாட்களும் உண்டு. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் ஒன்று மட்டும் இன்னும் ஆறவில்லை. என்னை ரப்பர் காட்டிலிருந்து வெளியே கொண்டுவந்த மனிதர் கடைசி வரை பால்தான் வெட்டினார். போன திருவிழாவில் மைக் பிடித்த ஒருவர், அந்தக் காலத்துத் திரை இந்தியாவிலிருந்து வந்தது என்றார். நான் எழுந்து நின்று மறுத்தேன். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. பொன்னுசாமி அண்ணன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

இப்போது திரை பொத்தானை அமுக்கினால் விலகுகிறது. நடிகர்களின் அரிதாரப் பெட்டி ஒரு பயணப் பெட்டி அளவு இருக்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, குறை சொல்லவில்லை.

அன்றைக்குப் பிறகு நான் வரைந்த எந்த ராஜாவுக்கும் ரோஜா நிறம் பூசியதில்லை. "ராஜா ஏன் இவ்வளவு கறுப்பு?" என்று ஒவ்வொரு கோயில் கமிட்டியும் என்னோடு சண்டை போட்டது.

போடட்டும். நான் பார்த்த ராஜா அந்த நிறம்தான்.